ஏழூற்றுக் கோட்டையின் நீர்

செக்கச் சிவந்த மணல் மேடும் பள்ளமுமாய் அடிவானம் வரை விரிந்து கிடந்த அந்தப் பாலையில், கதிரவன் மறைந்தும் மறையாத வேளையில், வானமும் மண்ணும் ஒரே குங்கும நிறம் கொண்டிருந்தன. நடுவே நின்ற ஏழூற்றுக் கோட்டையின் மதிலடியில், கடற்கரை உப்பையும் முத்தையும் மலைநாட்டுக்குச் சுமந்து செல்லும் வணிகச் சாத்தின் பொதி எருதுகள் அசைபோட்டுக் கொண்டிருந்தன.

அன்பார்ந்த வாசகர்களே, இக்கோட்டையை ஆண்டவர்கள் முடியோடு பிறந்தவர்கள் அல்லர். இளவரசி இளங்கொற்றியின் பாட்டனார், மணலுக்கடியில் நீர் இருக்கும் ஏழு இடங்களை அறிந்த வெறும் வழிகாட்டி. தாகத்தால் செத்துப் பிழைத்த வணிகர்கள் அவருக்கு முதலில் சுங்கம் தந்தார்கள். பிறகு காவலுக்கு ஆள் தந்தார்கள். கடைசியில் அரியணையே போட்டுத் தந்தார்கள். ஊற்றுகள் இருக்குமிடம் வெளியே தெரிந்தால் அரசு அன்றோடு சரி. ஆகவே ஒரு நியதி இருந்தது: கோட்டையின் நீரைக் குடித்தவன் அதற்கு எதிராக வாளெடுக்கலாகாது, இரகசியத்தை வெளியிடலாகாது. பாலையில் அதை மீறியவர் எவருமிலர்.

அந்தச் சாத்தின் காவல்தலைவன் மாநாகனோ, ஐந்து நாட்களாக மதிலோரப் பனைகளின் நுங்கும் பதநீருமாகவே பொழுதை ஓட்டினான். பணிப்பெண்கள் நீட்டிய குவளைகளைச் சிரித்தபடியே மறுத்தான். வறட்டுக் கௌரவம் என்று ஊரார் கேலி செய்தார்கள். அவனிடம் மனத்தைப் பறிகொடுத்திருந்த இளங்கொற்றிக்குத் தன் கையாலேயே நீர் கொடுக்க ஆசை. அரசன் மகள் வலியப் போவதா என்ற வெட்கம். பாழும் வெட்கம்! ஐந்தாம் நாள் மாலையில்தான் அவள் குவளையுடன் இறங்கி வந்தாள்.

"மாநாகரே! விடிந்தால் சாத்து புறப்படுகிறது. ஒருமுறையேனும் எங்கள் நீரை அருந்தலாகாதா? நானே தருகிறேன்."

அவன் குவளையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மண்டியிட்டான்.

"தேவி! நான் வணிகர்களின் காவலன் அல்லன். மலையூர் மன்னரின் தம்பி. தங்கள் ஊற்றுகளை வேவு பார்க்க வந்தவன்."

இளங்கொற்றியின் முகம் வெளிறியது. மறுகணமே மலர்ந்தது. "ஆனால் இப்போது குடித்துவிட்டீர்களே! இனி இரகசியம் தங்களோடு இருக்கும் அல்லவா?"

"இல்லை, தேவி. ஏழு ஊற்றுகளையும் குறித்த ஓலை இன்று காலை புறப்பட்டுவிட்டது. நண்பகலிலேயே மணலின் எல்லையில் அண்ணனின் குதிரை வீரன் அதைப் பெற்றிருப்பான். பிறை முழுமதியாகுமுன் படை வரும்."

மாநாகன் தன் வாளை உருவி அவள் காலடியில் வைத்தான். "இனி இந்த வாயிலைக் காப்பவன் நான். அண்ணனே வந்தாலும் என் உடலைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். இது சத்தியம்!" என்றான் அவன்.

அந்தச் சத்தியம் அவளுக்கு ஆறுதல் தரவில்லை. பாட்டனாரின் அரசு போய்விட்டதென்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்டாள்:

"நேற்று மாலை நான் வந்திருந்தால்?"

மாநாகன் தலை நிமிரவில்லை.

"நேற்றே குடித்திருப்பேன், தேவி."