இத்தாவில் இருந்த குரல்

ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும்தான் வந்தது.

றாஸிக் பதிவைத் திரும்பவும் ஓடவிட்டான். சபியா உம்மா படித்த நாட்டார் கவி தொடங்க வேண்டிய இடத்தில் துணி உரசும் சத்தம், வேலிக்கு அப்பால் ஒரு காகம், பிறகு அந்த மூச்சு. காலையில் கேட்டபோது முழுப் பாட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை. எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டதால் கலைப் பீடத்தின் அந்த மாடி முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. வெளியே கண் கூசும் வெயில், கடற்காற்றில் அடித்துக்கொள்ளும் தென்னோலை. உள்ளே இருபது புதுக் கணினிகளின் சூடான பிளாஸ்டிக் மணமும் மெல்லிய இரைச்சலும். தமிழும் வரலாறும் ஆராய்கிறவர்களுக்கென்று இரண்டு வருடமாக அலைந்து அவன் உண்டாக்கிய அறை. பதிவுகளையெல்லாம் வைத்திருக்கும் சேர்வர், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள். தொழுகை முடிந்ததும் துணைவேந்தர் வந்து திறந்துவைப்பார். அவருக்குக் காட்ட அந்தக் கவியை விட்டால் வேறு நல்ல பதிவு இல்லை. அதற்காகவே ஜும்ஆவையும் விட்டிருந்தான்.

உதவி ஆய்வாளர் ஸம்றாவுக்கு அழைத்தான். பதிவு எடுத்தவள் அவள்தான்.

"புள்ள, சபியா உம்மாட பதிவ அழிச்சிட்டியா?"

"நான் தொடல்ல சேர். போனா நல்லம்தான்."

"என்ன கதை கதைக்காய்?"

"புருஷன் மவுத்தாகி, ஆம்புளயள் கண்ணில படாம வீட்டுக்குள்ள இத்தா இருந்த மனிசி சேர் அவ. திரைக்கு அங்கால இருந்து அழுதழுது கவி படிச்சவ. அந்நிய ஆம்புள ஒருத்தரும் கேக்க மாட்டாங்க எண்டு வாக்குக் குடுத்துத்தான் எடுத்த நான். நீங்க பேஸ்புக்கில போட்டீங்க. சந்தையில பொடியன்மார் போட்டுப் போட்டுச் சிரிச்சானுகள். அதுக்குப் பொறகு அவ வாயே துறக்கல்ல. இத்தா முடிய முந்தி அவவும் மவுத்து."

"ஆராய்ச்சி எண்டா இதெல்லாம் பாக்கேலா."

"ஜும்ஆவும் பாக்கேலாதாக்கும்." வைத்துவிட்டாள்.

சேர்வரிலிருந்த பிரதியை எடுத்தான். அதிலும் மூச்சுதான். ஆனால் இப்போது கிட்டத்தில். யாரோ ஒலிவாங்கியில் உதட்டை வைத்துக் காத்திருப்பதுபோல.

அந்தக் கவி அவனுக்கு மனப்பாடம். எத்தனை தரம் கேட்டிருப்பான்! தானே படித்துப் பதிந்துவிட்டால் இன்றைக்குச் சமாளித்துவிடலாம். ஒலிவாங்கியை இழுத்துவைத்து, சபியா உம்மாவின் அந்த ஒப்பாரியின் முதல் அடியைப் படித்தான். கணினித் திரையில் ஒலி அலைகள் கறுப்பாக எழுந்தன. இரண்டாவது அடியில் தொண்டை கரகரத்தது. மூன்றாவதில் அவன் குரல் அவனுக்கே தூரத்தில் கேட்டது. அலைகள் மட்டும் முன்னைவிடப் பெரிதாக எழுந்தன.

நிறுத்தினான்.

கீழே மென்பொருள் எழுதியது: இன்னும் படிங்க.

ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கினான்.

இன்னும் படிங்க. பக்கத்துத் திரையிலும். அதற்கடுத்ததிலும். இருபதிலும்.

"வேணா உம்மா. உட்டுடுங்க. தெரியாமச் செஞ்சிட்டன்."

அவன் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. எல்லாத் திரைகளிலும் அலை எழுந்து விழுந்தது.

கதவுக்கு ஓடினான். படியில் செருப்புச் சத்தம். தொழுதுவிட்டு வருகிறார்கள். கதவு திறந்தது, துணைவேந்தர், பின்னால் ஆறேழு பேர், எல்லோரும் தொப்பியோடு.

அப்போது இருபது ஒலிபெருக்கிகளும் பேசத் தொடங்கின. அவனுடைய குரலில்.

"வேணா உம்மா. உட்டுடுங்க. மூச்செடுக்கேலாம இரிக்கி, உம்மா..."

அழுகை. கெஞ்சல். சின்னப் பிள்ளைபோல விக்கல்.

வந்தவர்கள் அப்படியே நின்று கேட்டார்கள். சிலர் போனை எடுத்து உயர்த்தினார்கள்.

"மாஷா அல்லாஹ், என்ன தெளிவு!" துணைவேந்தர் கைதட்டினார். "இந்தக் கவிய எங்க புடிச்ச நீங்க, றாஸிக்?"

மற்றவர்களும் கைதட்டினார்கள்.

றாஸிக் வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. நாக்கு எதிலோ முட்டியது. மெத்தென்றது. ஈரமானது. கற்பூரம் கசந்தது. மையித்தைக் குளிப்பாட்டி அடக்கும்போது வாயில் வைக்கும் பஞ்சு, பல்லிலிருந்து தொண்டைக்குழி வரை.

உள்ளேயிருந்து ஒரு விரல் அதை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது.