ஐந்தாம் இடத்தில் எண் இல்லை

பேசாலையில் மீனவர் ரொபின்சன், அந்தோனியம்மா தம்பதியின் வீட்டு முன்னறையைக் கிருசாந்தினி வாடகைக்கு எடுத்தது இணையத்துக்காகத்தான். மன்னார் நகரில் அவள் வீட்டில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். ஞாயிறு பூசை முடிந்து ஊர் அடங்கிக் கிடந்த மதியத்தில், மடிகணினியும் ஒரு பாயுமாக வந்து இறங்கினாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது மீன்பிடி வள்ளம் பற்றிய விளையாட்டு ஒன்றுக்கான நிரல். வள்ளத்தில் நான்கு பேர். நால்வரின் எடையும் ‘அரே’ என்னும் நிரல் பட்டியலில் வரிசையாக நான்கு எண்களாக இருந்தன. அவற்றைக் கூட்டித்தான் அலையில் வள்ளம் எவ்வளவு சாயும் என்று கணினி முடிவு செய்யும். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். மூன்று நாளாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஓடவிட்டாள். சிவப்பு வரி வந்தது.

வகை பொருந்தவில்லை. ஐந்தாம் இடத்தில் எண் இல்லை, எழுத்து இருக்கிறது.

ஐந்தாம் இடமே கிடையாது.

கூட வேலை செய்யும், வவுனியாவிலிருந்த கஜேந்திரனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“என்ர லப்டொப்பில ஓடுது. நாலுதான் இருக்கு,” என்றான் கொட்டாவியோடு. “ஒவ்வொண்டா திரையில அச்சிட்டுப் பாருங்கோ.”

அச்சிட்டாள். அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. ஐம்பத்தொன்பது. எழுபது.

குளிருது.

கஜேந்திரனின் பகிடி என்று நினைத்தாள். கோபப்படவும் தெம்பில்லை. அழித்துவிட்டு, எண் மட்டுமே வரலாம் என்று அரேயைப் புதிதாக அறிவித்து ஓடவிட்டாள்.

கரை தெரியேல்ல.

வெளியே காற்று நின்றிருந்தது. பூட்டிய அறைக்குள் நனைந்த கயிற்றின் வாடை வந்தது.

எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளையைப் போட்டாள். பூச்சியம் வந்தது, திரையில் வள்ளம் கவிழ்ந்தது. கடைசியில், எண் அல்லாததைத் தள்ளிவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். வள்ளம் நேராக ஓடியது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

தட்டும் ஓசை கேட்டது.

மேசைப் பலகையின் அடியிலிருந்து.

திரையில் புது வரி.

என்னை விட்டிட்டோ போறாய், ரொபின்சன்.

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ரொபின்சனைக் கூப்பிட்டாள். அவர் வந்து, எழுத்துக்கூட்டி வாசித்து, மெல்லக் கதிரையில் அமர்ந்தார்.

“இதை ஆர் உங்களுக்குச் சொன்னது, பிள்ளை?”

“ஒருத்தரும் சொல்லேல்ல, அங்கிள். அதுவா வருது.”

அவர் கையிலிருந்த வலை ஊசியை மேசையில் வைத்தார்.

“இன்னாசிமுத்து. என்ர மனிசியின்ர தம்பி. அஞ்சு பேர் கடலுக்குப் போனனாங்கள். அலை அடிச்சு விழுந்திட்டான். குளிருது, குளிருது எண்டு கூப்பிட்டவன். திருப்பினா வள்ளம் கவிழும், ஓடுங்கோ எண்டு சொன்னது நான்தான். கரைக்கு வந்து, விடியுமட்டும் தேடினனாங்கள் எண்டு சொன்னம்.”

“நடந்து எவ்வளவு காலம்?”

“பத்தொன்பது வருசம்.”

“அந்தோனியம்மா அன்ரிக்குத் தெரியுமோ?”

“இல்லை.” இரு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். “களைச்சுப் போனன், பிள்ளை.”

எண் அல்லாததைத் தள்ளிவிடத் தான் சேர்த்த வரியைக் கிருசாந்தினி நீக்கினாள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயரும் ஓர் எடையும் இருக்கும்படி அரேயை மாற்றி எழுதினாள்.

“அவர் என்ன நிறை இருப்பார்?”

“அறுபது வராது. மெலிஞ்ச பெடியன்.”

ஐந்தாம் இடத்தில் பெயரையும் ஐம்பத்தெட்டு என்ற எண்ணையும் இட்டாள். பிழை வரவில்லை. ஐந்து பேரோடு வள்ளம் சாயாமல் போனது.

ரொபின்சன் எழுந்தார். “அவளுக்குச் சொல்லிப்போட்டு வாறன்,” என்று அந்தோனியம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் நடந்தார்.

அப்போதுதான் அவருடைய முதுகைக் கண்டாள்.

தோளுக்குக் கீழே, சட்டையில் ஈரமாக ஒரு கைத்தடம். ஐந்து விரலும் தெளிவாக இருந்தன.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த விரல்கள் ஒருமுறை சட்டையை இறுகப் பற்றின.