எடுத்ததும் சொல்லும் பெயர்

"உங்க நம்பர் இன்னும் பழைய கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவுலதான் நிக்குது மேடம். ஆனா உயிரோடதான் இருக்கு. நேத்து டெஸ்ட் பண்ணப்ப நீங்களே எடுத்தீங்களே," என்றாள் போன் கம்பெனிப் பெண்.

ஓக்கா மொபைலை அடுத்த காதுக்கு மாற்றினாள். "நான் எடுக்கலம்மா. ஹால் போன் இந்த வாரம் பூரா செத்துக் கிடக்கு. காதுல வெச்சா உஸ்ஸுன்னுகூட கேக்கல."

"எடுத்து 'பொப்பிங்கா'ன்னு சொன்னீங்கன்னு இங்க பதிவாயிருக்கு மேடம்."

அந்தக் கடலோர ஊர்களில் போனை எடுத்தால் யாரும் ஹலோ சொல்வதில்லை, குடும்பப் பெயரைத்தான் சொல்வார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகனும் வீட்டை விட்டுப் போன பிறகு, அந்த வீட்டில் பொப்பிங்கா என்று சொல்ல ஓக்கா ஒருத்திதான் பாக்கி.

"நடுவுல நிக்கற நம்பரை நான் எப்படிம்மா எடுப்பேன்?"

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "தெரியல மேடம். பழைய இணைப்பை நீங்களே ரத்து பண்ணி எழுதிட்டீங்க பாருங்க, அதைத்தான் செஞ்சிருக்கக் கூடாது. நாங்க நம்பரை அவங்ககிட்ட கேட்டு வாங்கற வரைக்கும் விட்டிருக்கணும். சாயங்காலத்துக்குள்ள வந்துரும்."

"வரணும்மா. இன்னைக்கு என் பையன் பிறந்தநாள்."

அந்தப் பெண்ணுக்கு அது வெறும் பிறந்தநாள். மகன் தாம்மோ, அப்பாவின் சாவு வீட்டில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், எங்கே இருக்கிறான் என்று ஓக்காவுக்கு இன்றுவரை தெரியாது. வருஷத்தில் இந்த ஒரு நாள் சாயங்காலம் வீட்டு நம்பருக்குக் கூப்பிடுவான். அவனுக்கு மனப்பாடமாக இருப்பது அந்த நம்பர் மட்டும்தான். இன்டர்நெட் போன் மலிவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றியிருந்தாள். போன வருஷம் இதே நாளில் புயலில் கரண்ட் போக, ரவுட்டரோடு போனும் அணைந்துபோனது. அன்று அவன் கூப்பிட்டானா இல்லையா என்பது ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் பழையபடி லேண்ட்லைனுக்கே மாறிவிட முடிவு செய்தாள், அவசரப்பட்டுத் தன் கையாலேயே காரியத்தைக் கெடுத்தும் வைத்தாள்.

குளிர்காலம், நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. கடலோர மேட்டைத் தாண்டி வந்த காற்றில் சேற்று வாடையும், யாரோ எரித்த ஈரக் கரியின் புகையும் கலந்து ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே கசிந்து, ஹாலில் தொங்கிய பழைய கோட்டுகளின் நாற்றத்தோடு சேர்ந்துகொண்டது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இடது காலைத் தூக்கி வைக்க முடியாமல், கம்பளிச் செருப்பைத் தரையில் சர்ரென்று இழுத்தபடி, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கதவைத் தட்டியது பக்கத்து வீட்டு ரெங்கே.

"டீக்கு நான் சீக்கிரமா வந்துட்டேனா ஓக்கா?"

"எந்த டீ?"

"நீதானே இப்ப கூப்பிட்ட? எத்தனை மணிக்குன்னு கேட்டேன். பையன் வந்ததும்னு சொன்ன. தாம்மோ வரான்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா சவரமாவது பண்ணியிருப்பேன்."

"என் போன் வேலையே செய்யல ரெங்கே."

அவன் தன் மொபைலை நீட்டிக் காட்டினான். அவள் வீட்டு நம்பர்தான். "குரலும் உன்னோடதுதான். எல்லாரையும் அதட்டற குரல் இந்தத் தெருவுல வேற யாருக்கு இருக்கு? மறந்துபோச்சுன்னா மறந்துபோச்சுன்னு சொல்லு, நான் ஒண்ணும் பஞ்சாயத்து கூட்ட மாட்டேன்." சிரித்துக்கொண்டே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான்.

ஓக்கா ஹாலுக்குத் திரும்பினாள். மொபைலில் தன் நம்பரையே அடித்தாள். காதுக்குள் மணி அடித்தது. எதிரே மேசைமேல் ஹால் போன் அசையாமல் கிடந்தது.

"பொப்பிங்கா."

அவளுடைய குரல். அந்தக் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கேள்வி போல முடிப்பதுகூட அப்படியே. எதிர்முனையில் சுவர்க் கடிகாரம் ஓடியது, கெட்டில் இரைந்தது, சூடான டீ ஊற்றும்போது கோப்பைக்குள் கற்கண்டு மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்டது. அது தன் அடுப்படியில் கேட்கிற சத்தம் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அவள் அடுப்படியில் விளக்குகூடப் போடவில்லை.

கட் செய்தாள். மறுபடி அடித்தாள். லைன் பிஸி.

பிஸி என்றால் அங்கே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு இந்த நேரத்துக்கு அந்த நம்பருக்கு வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்? அடித்துக்கொண்டே இருந்தாள். பிஸி. பிஸி. பிறகு மணி அடித்தது.

"பொப்பிங்கா."

"என் பையன் கூப்பிட்டானா?" மொபைலைக் காதோடு அழுத்தினாள். "என்ன சொன்ன அவன்கிட்ட?"

"ஸ்டேஷன்லேருந்து பேசினான்," என்றது அந்தக் குரல், பொறுமையாக. "வரலாமான்னு கேட்டான். வாடா கண்ணு, உன் வீடுடான்னு சொன்னேன். அழுதுட்டான். சைக்கிள்ல வந்துக்கிட்டு இருக்கான். லைனை விடு, எனக்கு வேலை இருக்கு."

இத்தனை வருஷமாக ஓக்கா ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவை. ஒன்றுகூட மாறவில்லை.

வாசல் கதவு எப்போதும்போல இறுகிக்கொண்டது. தோளால் இடித்துத் திறந்து வாசல் படியில் நின்றாள். மேட்டுச் சாலையில் ஒரு சைக்கிள் விளக்கு வந்துகொண்டிருந்தது. அவன்தான். அந்தக் குனிந்த முதுகு அவன் அப்பாவுடையது. "தாம்மோ," என்று கத்தினாள். சத்தத்தைக் காற்று வாங்கிக்கொண்டது. விளக்கு தெருவுக்குள் திரும்பியது. வேலிச் செடிக்குப் பின்னால் போனது.

வெளியே வரவில்லை.

காலை இழுத்துக்கொண்டு வேலி வரைக்கும் போனாள். கம்பத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தது. முன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள், சீட்டில் சூடு இருந்தது. அங்கிருந்து கல் பாதையில் ஈரக் காலடிகள். பெரிய ஷூ. நேராக அவள் நின்றிருந்த படி வரைக்கும் போயிருந்தன. ஷூ முனை வீட்டைப் பார்த்து.

அவளைக் கடந்து போயிருக்கிறான்.

காலை இழுத்தபடியே உள்ளே விரைந்தாள். ஹால். அடுப்படி. மாடி. ஒருவருமில்லை. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

ஹால் போன் அடித்தது.

ஒரு வாரமாகச் செத்துக் கிடந்த போன். திரையில் பச்சை விளக்கு. நம்பர் வந்து சேர்ந்துவிட்டது. கூப்பிடுகிற நம்பரும் திரையில் தெரிந்தது. இதே நம்பர்.

எடுத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பெயரைச் சொல்லவில்லை.

"அம்மா?" கிசுகிசுப்பு. தாம்மோ. ஹாலில் கோட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற குரல். "அம்மா, வாசல்ல ஒருத்தி நின்னு என் பேரைச் சொல்லிக் கத்தினா. அது நீயா?"

"நான்தான்டா. நான்தான். வெளிய வந்துரு. கதவைத் திற."

"கதவு இல்லம்மா." அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். "அப்ப அடுப்படியில இருக்கறது யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள், போனில் அவனுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த, கோப்பைக்குள் கற்கண்டு வெடிக்கிற சத்தம் நின்றது. ஒரு ஸ்பூன் தட்டில் வைக்கப்பட்டது. பிறகு செருப்புச் சத்தம். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து. அடுப்படியிலிருந்து ஹாலுக்கு.

சர்ர்.

"அம்மா."

சர்ர்.

அந்த முனையில் ரிசீவர் கை மாறியது. மூச்சு. மிக அருகில்.

"பொப்பிங்கா," என்றது அவள் குரல்.