சுண்டு விரல் சாட்சி!

டெலிபோன் அலறியது.

கிருமி வளர்க்கும் இன்குபேட்டருக்குள் பாதித் தலையை நுழைத்திருந்த கிருமி மேடம் எரிச்சலோடு நிமிர்ந்தாள்.

பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தின் சீனியர் மைக்ரோபயாலஜிஸ்ட் அவள். ஊர் குடிக்கிற தண்ணீர், ஊர் நக்குகிற ஐஸ்கிரீம், ஊர் இருமித் துப்புகிற சளி... எல்லாம் அவள் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை. கிருமி மேடம் என்றால் வாசல் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

ரிசீவரைக் காதில் வைத்ததுதான் தாமதம்...

"கொலைகாரி அண்ணி!"

நாத்தனார்!

"என்னம்மா... காலங்காத்தால..."

"பேசாதீங்க! எங்கம்மாவுக்குக் கேக்ல விஷத்தை வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி லேப்ல போய் உக்காந்திருக்கீங்களா? போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டேன். பர்த்டே வீடியோவையும் குடுத்துட்டேன். இன்ஸ்பெக்டர் வந்துட்டே இருக்கார்!"

டொக்!

கிருமி மேடம் ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் பிறந்தநாள். கேக் செய்தது அவள்தான். கண் பட்டுவிடும் போல நடந்தது விழா. மறுநாள் காலை காபியோடு போனால்... மாமியார் தரையில்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே முனகல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமியார் சாப்பிட்டது போக மீதியை ஒரு டப்பாவில் மூடி வைத்திருந்தார். டாக்டர் அந்த டப்பாவுக்கு சீல் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

அனுப்பி மூன்று நாளாகிறது. அனுப்பிய இடம்... இதே லேப்!

"மேடம்!"

உள்ளே ஓடி வந்தான் டெக்னீஷியன். பெயர் கிளவுஸ். தூங்கும்போதும் கையுறையைக் கழற்ற மாட்டான் என்று ஆபீஸில் ஒரு வதந்தி.

"கேக் ரிசல்ட் வந்துடுச்சு. பாசிட்டிவ். சால்மொனெல்லா!"

"என்னடா சொல்றே?"

"தட்டு முழுக்க மேடம். கொத்துக் கொத்தா!"

சாப்பாட்டை விஷமாக்கும் கிருமி அது. கேக்கிலிருந்து அதை வளர்த்த கண்ணாடித் தட்டை அவள் வாங்கினாள். பழக்கதோஷத்தில் அல்ட்ரா வயலட் விளக்குக்குக் கீழே வைத்தாள். லைட்டை அணைத்தாள்.

அடுத்த விநாடி...

தட்டு பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது!

கிளவுஸ் வாயைப் பிளந்தான். "மேடம்... இது... இது நம்ம வீட்டுப் பிள்ளையாச்சே!"

ஆமாம். லேப் பிள்ளை!

ஒவ்வொரு பரிசோதனையின்போதும், தெரிந்த கிருமி ஒன்றைப் பக்கத்துத் தட்டில் வளர்ப்பார்கள். அது வளர்ந்தால்தான் பரிசோதனை சரியாக நடந்தது என்று அர்த்தம். அந்தக் கிருமி தவறிப்போய் அடுத்த தட்டுக்குத் தாவிவிட்டால் காட்டிக்கொடுக்க வேண்டுமே? அதற்காகவே பச்சையாக ஒளிரும்படி செய்யப்பட்ட ரகத்தைப் போன வருஷம் அவள்தான் வரவழைத்தாள். ஊரில் வேறு எங்கேயும் அது கிடையாது.

"தாவியிருக்குமோ மேடம்?"

"சீல் வெச்ச மீதித் துண்டுல இருந்து தனியா ஒரு தட்டு போட்டியே... அதைக் கொண்டா."

அதுவும் ஒளிர்ந்தது. அப்படியென்றால் கிருமி கேக்கிலேயே இருந்திருக்கிறது!

"ஃப்ரிட்ஜைப் பாரு."

கிளவுஸ் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒரு குப்பி குறையுது மேடம்."

கிருமி மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது. வேலை போகும். விலங்கு வரும். இந்தத் தட்டைப் பற்றிச் சொன்னால் அவளே அவளைப் பிடித்துக் கொடுத்த மாதிரி.

கிளவுஸ் குரலைத் தாழ்த்தினான். "மேடம்... ரெண்டு தட்டையும் நான் கை தவறிக் கீழே போட்டுடட்டுமா?"

"போட்டுப் பாரு. உன்னையும் சேர்த்துக் கழுவி ஊத்திடுவேன்!"

வாசலில் பூட்ஸ் சத்தம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மூக்கில் கர்ச்சீப். கைகள் இரண்டும் பாக்கெட்டில். கதவைத் தோளால் தள்ளித் திறந்திருந்தார்.

"உக்காருங்க சார்."

"வேணாம்! நாற்காலில ஏதாவது இருக்கும்."

"ஒண்ணும் இருக்காது."

"இதைத்தான் எல்லா கிருமியும் சொல்லும்!" என்றார் அவர். "மேடம், உங்க மேல கம்ப்ளெய்ன்ட். மாமியாரைக் கொல்லப் பார்த்தீங்கன்னு."

"நான் ஏன் சார் கொல்லணும்? காரணம் வேணாமா?"

"மாமியாருங்க! அதுக்கு மேல என்ன காரணம் வேணும்?"

கிருமி மேடம் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, பச்சை ஒளி, காணாமல் போன குப்பி... ஒன்றையும் மறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பை இறக்கினார்.

"அப்ப கிருமி இந்த லேப்ல இருந்து போயிருக்கு?"

"ஆமா."

"ஃப்ரிட்ஜ் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட."

"கேக் செஞ்சது?"

"நான்தான்."

"மேடம்... எனக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வைங்க!"

கிளவுஸ் தலையிலடித்துக்கொண்டான்.

"சார், உங்ககிட்ட வீடியோ இருக்காமே? ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன். அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வரேன்."

இன்ஸ்பெக்டர் செல்போனை நீட்டினார். "கையை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டு வாங்குங்க!"

வீடியோ ஓடியது. கேக் வெட்டி முடிந்தாகிவிட்டது. விளக்கை அணைத்து, சுவரில் பழைய போட்டோக்களை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணும் சுவர் மேல். ஓரத்தில் டைனிங் டேபிள். கேக் மேலிருந்த மெழுகுவர்த்தி ஒன்று மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்தில்... ஒரு கை!

முகம் இல்லை. முழங்கைக்கு மேல் இருட்டு. கை மட்டும்!

"நிறுத்துங்க!" கத்தினாள் கிருமி மேடம். "இந்தக் கையைப் பாருங்க சார்."

"பார்த்தாச்சு. யாரோ எசென்ஸ் பாட்டிலைத் திறக்கறாங்க."

"எசென்ஸ் இல்லை சார், காணாமப் போன எங்க குப்பி! எப்படித் திறக்கறாங்க?"

"பாட்டிலை எப்படித் திறப்பாங்க? கையாலதான்!"

"நீங்க திறந்தா மூடியை எங்கே வைப்பீங்க?"

"டேபிள் மேல."

"இந்த ஆள் வைக்கலை. வலது கைச் சுண்டு விரலை வளைச்சு, மூடியை உள்ளங்கையோட அழுத்தித் திருகி, அப்படியே பிடிச்சிருக்கு பாருங்க. அப்புறம் பாட்டில் வாயை மெழுகுவர்த்தித் தீயில ஒரு தடவை காட்டுது. ஊத்தின பிறகு இன்னொரு தடவை. காத்துல இருக்கற வேற கிருமி உள்ளே போகக் கூடாதுன்னு நாங்க செய்யற வேலை சார் இது! முதல் வாரத்துல அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுப்பாங்க. அப்புறம் சாகற வரைக்கும் விரல் மறக்காது. விஷம் வைக்க வந்த இடத்துலயும் சுத்தம் பார்த்திருக்கு பாருங்க இந்த விரல்!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையாட்டினார். "அந்த வீட்ல இந்தத் தொழில் தெரிஞ்சவங்க யாரு?"

"நான் மட்டும்தான்."

விலங்கு வெளியே வந்தது. டிஷ்யூ பேப்பரில் சுற்றப்பட்டிருந்தது.

"இருங்க சார்! சுவர் பக்கத்துல பாருங்க. போட்டோ மாத்திட்டு நிக்கறது யாரு?"

இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கினார். அவளேதான்! அதே ஃப்ரேமில், பத்தடி தள்ளி!

"அப்ப கை?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கிளவுஸ் விழாவுக்கு வந்திருந்தான். கேக்கை மூன்று முறை கேட்டு வாங்கித் தின்றவன்.

"ஐயோ! சார்! நான் இடது கைக்காரன்! மேடத்தையே கேளுங்க. என் சுண்டு விரல் இந்தப் பக்கம்!"

கையுறையோடு இடது கையை உயர்த்திக் காட்டினான். பாவம், கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"அவன் இல்லை சார்," என்றாள் கிருமி மேடம். சட்டென்று எதையோ நினைத்துக்கொண்டாள். "டேய், ஆஸ்பத்திரியில இருந்து அத்தையோட சாம்பிள் வந்துதே... அது என்ன ஆச்சு?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன் மேடம், இந்தக் கலாட்டால விட்டுட்டேன். கிளீன். சால்மொனெல்லாவோட வாசனைகூட இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?"

"என் வயித்துல இருக்கறதை விடக் கம்மி!"

கிருமி மேடம் அப்படியே நின்றாள். போன வாரம் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அவள் முகம் மாறியது. முதலில் கோபம். பிறகு... சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை.

"ஜீப்பை எடுங்க சார். குற்றவாளி ஆஸ்பத்திரியில இருக்கு."

---

மாமியாரின் கட்டிலருகே கணவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் எழுந்தார். அம்மாவைப் பார்த்ததும் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்க்கிற உத்தியோகம் அது.

"வந்துட்டாளா கொலை..." என்று ஆரம்பித்த நாத்தனார், இன்ஸ்பெக்டரைக் கண்டதும் வாயை மூடினாள்.

மாமியார் கண்ணை மூடி முனகினார். "ஐயோ... வயிறு..."

"அத்தை," என்றாள் கிருமி மேடம் கனிவாக. "மருந்து குடிக்கற நேரம். நீங்களே ஊத்திக்கோங்க. நான் ஊத்தினா விஷம்னு சொல்லுவாங்க."

வலது கையில் ஸ்பூனைக் கொடுத்தாள். இடது கையில் மருந்து பாட்டிலைக் கொடுத்தாள்.

மாமியார் எழுந்து உட்கார்ந்தார். வலது கையில் ஸ்பூன் இருந்தது. அதே கையின் சுண்டு விரல் மட்டும் மெதுவாக வளைந்தது. மூடியைக் கவ்வியது. திருகியது. மூடி உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டது. இடது கை பாட்டிலை லேசாகச் சாய்த்து, பக்கவாட்டில் கொண்டுபோனது...

அங்கே ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா தேடறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"லேப்ல எரியற பர்னர் தீயை!" என்றாள் கிருமி மேடம்.

ஸ்பூன் தரையில் விழுந்தது!

"அம்மா... நீயா?" நாத்தனாரின் குரல் கீச்சிட்டது.

மாமியாரின் முனகல் நின்றது. அவர் மருமகளை நேராகப் பார்த்தார். "எப்படிடீ கண்டுபிடிச்சே?"

"உங்க விரல்தான் சொல்லுச்சு. எங்கே கத்துக்கிட்டீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இருந்தேன். நல்ல வேலைக்காரின்னு பேரு. கல்யாணம் ஆச்சு, விட்டுட்டு வந்தேன்."

"எங்ககிட்ட சொன்னதே இல்லையேம்மா!" என்றார் கணவர்.

"நீங்க யாரும் கேட்டதே இல்லையேப்பா."

கிருமி மேடம் கீழே விழுந்த ஸ்பூனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"போன வாரம் நான் மறந்துட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் குடுக்க லேபுக்கு வந்தீங்க. போன் வந்துதுன்னு ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டுட்டு வெளியே போனேன். தப்பு என் மேல. அப்பத்தான் எடுத்தீங்களா?"

"ம். அந்த வாசனையை மோந்ததும் கை தானா போயிடுச்சு."

"எதுக்கு அத்தை?"

மாமியார் உதட்டைக் கடித்தார். "உனக்குப் பிரமோஷன்ல வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்குன்னு இவன் போன்ல பேசினது காதுல விழுந்துது. நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்? இந்த வீட்ல எனக்குச் சரிசமமா பேசற ஆள் நீ ஒருத்திதான். உடம்பு சரியில்லைன்னா விட்டுட்டுப் போக மாட்டேன்னு நினைச்சேன்."

"அதுக்குச் சும்மா படுத்துக்க வேண்டியதுதானே! கிருமி எதுக்கு?"

"நீ டெஸ்ட் பண்ணாம நம்புவியா?" மாமியார் சிலிர்த்துக்கொண்டார். "அதான் என் தட்டுல மட்டும் ஊத்தினேன். ஒரு வாய்கூடத் தின்னலை. யாரும் தொடாம டப்பால மூடி வெச்சேன். கையை ஸ்பிரிட் போட்டுக் கழுவினேன். சாயங்காலமே விழுந்தா நீ சந்தேகப்படுவே. கிருமிக்கும் கொஞ்சம் டைம் குடுக்கணுமேன்னு காலை வரைக்கும் காத்திருந்து விழுந்தேன்! இப்ப வர்றது பச்சையா எரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க காலத்துல கிருமியெல்லாம் அடக்க ஒடுக்கமா இருக்கும்!"

"போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"பயமா இருந்துச்சுடீ." முதல் முறையாக அவர் குரல் நடுங்கியது. "இன்னிக்கு உன்னை இழுத்துட்டுப் போயிருந்தா ஓடி வந்து சொல்லியிருப்பேன். சத்தியமா."

கிருமி மேடம் கட்டிலில் உட்கார்ந்தாள். மாமியாரின் கையை எடுத்து, அந்தச் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அந்த மாத்தல் வேண்டாம்னு போன வாரமே டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னது!"

"திங்கட்கிழமை காலைல காபியோட வந்தேனே... அதைச் சொல்லத்தான் வந்தேன். பார்த்தா நீங்க தரையில உருண்டுட்டு இருக்கீங்க!"

மாமியார் வாயடைத்துப்போனார். அவர் வாயடைத்ததை அந்தக் குடும்பம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

"ஏன்டீ வேண்டாம்னே?"

"அங்கே போனா நான் மட்டும் யாரோட சண்டை போடுவேன்?"

இன்ஸ்பெக்டர் டிஷ்யூவில் கண்ணைத் துடைத்தார். பிறகு அது விலங்கைச் சுற்றியிருந்த டிஷ்யூ என்பது ஞாபகம் வந்து அலறித் தூக்கி எறிந்தார்.

"இந்தக் கேஸை நான் என்னன்னு முடிக்கறது? லேப்ல திருட்டு, பொய்யான கம்ப்ளெய்ன்ட்..."

"லேப் விஷயத்தை நானே டைரக்டர்கிட்ட சொல்லிடறேன் சார். ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டது நான். மத்தது உங்க இஷ்டம்."

"கம்ப்ளெய்ன்டை வாபஸ் வாங்கிக்கறேன்," என்று முனகினாள் நாத்தனார். "அண்ணி... மன்னிச்சுடுங்க."

கணவர் நிம்மதியாக ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். கிருமி மேடம் மாமியாரின் தலையணையைச் சரிசெய்தாள்.

"வாங்க அத்தை, வீட்டுக்குப் போகலாம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"எல்லாம் சரிதான்..." மாமியார் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "வெட்டினதும் ஊட்டி விட்டியே ஒரு துண்டு... சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தே! அந்தக் கேக்கைத் தின்னும் கொத்துக் கொத்தா வளர்ந்திருக்குன்னா... அந்தக் கிருமிக்கு என்ன பொறுமைடீ!"