மிச்சம் என்று சொன்ன கீரை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. போனைத் தடவுகிறார்கள், வாசலில் பொட்டலம் வந்து இறங்குகிறது. பாதியைத் தின்கிறார்கள், பாதி குப்பைக்குப் போகிறது. காதலும் இப்போது அப்படித்தான் நடக்கிறது என்று கேள்வி. நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவன் இல்லை. என் வீட்டுக் கொல்லையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தம்பி மகள், வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், என்னோடு இருக்கிறாள். முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். மாடி அறைக்குப் புதிதாக ஒருவன் குடிவந்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரன். தனி ஆள். கொல்லையில் கொஞ்சம் கீரையும் தக்காளியும் போட்டுக்கொள்ளட்டுமா என்று பணிவாகக் கேட்டான். இவ்வளவு பணிவாகக் கேட்கிறவன் வேறு எதற்கோ அடி போடுகிறான் என்று அப்போதே நினைத்தேன். இருந்தாலும் சரி என்றேன்.

ஒரு சாயங்காலம் திடுதிப்பென்று மழை... வாடிக்கைக்காரர்களின் துணியைக் கொடியில் போட்டிருந்த பாப்பா கொல்லைக்கு ஓடினாள். துணிகளை வாரி அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால், இரண்டு காலும் கீரைப் பாத்திக்குள். கரண்டியும் கையுமாக மாடிப்படியில் இறங்கி வந்து நின்றான் அவன்.

"மிதிச்சது மிதிச்சாச்சு... காலை எடுத்தீங்கன்னா மத்ததாவது பொழைச்சுக்கும்."

"துணி காயப்போடற இடத்துல கீரை போட்டது யாரு?"

"கீரை போட்ட இடத்துல மழையைப் போட்டது யாருன்னு கேளுங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாப்பாவுக்குப் பெரிய கண்கள். கோபம் வந்தால் இன்னும் பெரிதாகும். இமையிலிருந்து மழை சொட்டச் சொட்ட அவனை முறைத்தாள். அவன் செடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி செடியைப் பார்க்க மறந்துவிட்டான். சமையலறை ஜன்னலில் நான் நிற்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மறுநாள் அந்த ஜன்னல் கட்டையில் ஒரு கிண்ணம் இருந்தது. சோற்றில் அந்தக் கீரையைப் பொடியாக நறுக்கிப் பூண்டோடு வதக்கிப் பிரட்டி, மேலே பழுத்த தக்காளி. வாசனை கூடம் வரைக்கும் வந்தது. பாப்பா ஒரு வாய் வைத்தாள், ஜன்னல் பக்கமே திரும்பி நின்றுகொண்டு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள். அப்புறம் பிஞ்சு பீன்ஸ் வந்தது, இன்னொரு நாள் கத்திரிக்காய். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி வைக்கும்போது அவள் ஏன் அவ்வளவு நேரம் துடைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தைக்கும்போது பாட்டு வேறு முணுமுணுத்தாள். அவள் பாடிக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று.

ஒருநாள் மாடிப்படியடியில் அவனை மடக்கினாள். எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டாள். என்ன பதிலை எதிர்பார்த்தாளோ... காது நுனி வரைக்கும் சிவந்திருந்தாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சிரமம்லாம் இல்லீங்க. நேத்து மிச்சமான சோறு... வீணாப் போகுமேன்னு..."

"மிச்சமா?"

"ஆமாங்க. மிச்சம்தான்."

அவள் கையிலிருந்த கிண்ணத்தை மூடி அவன் கையிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அன்று மிஷின் ஓடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், எல்லோரும் தின்றதுபோகச் சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் அவளுக்கு. அதுவும் ஆறிப்போனது. அங்கிருந்து பையோடு திரும்பி வந்த அன்று நான் ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் முதல் கரண்டி அவள் தட்டில். எனக்கு எவ்வளவு பசித்தாலும் அப்படித்தான். இப்போது எவனோ ஒருத்தன் மாடியிலிருந்து மிச்சத்தை இறக்குகிறான்.

அதற்குப் பிறகும் ஜன்னலில் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது. பாப்பா தொடவில்லை. பசிக்கவில்லை என்றாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது, அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு சுட்டது... இது புரிய எனக்குப் படிப்பு வேண்டியதில்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, அறையைக் காலி பண்ணு என்று சொல்லிவிடுவதாக மழையிலேயே மாடி ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. ஊரார் ஃப்ரிட்ஜை எல்லாம் சரிபண்ணுகிறவன், தன் ஃப்ரிட்ஜின் கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தான். அடுப்பில் அப்போதுதான் வெந்த சோறு. பக்கத்தில் அடுத்த வேளைக்கு இன்னொரு கிண்ணத்தில் சோற்றின்மேல் வதக்கின இளங்கீரை, பிஞ்சு பீன்ஸ், வெடிக்காத தக்காளியாகப் பார்த்து அடுக்கி வைத்திருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது வேறு. நேற்றைய சோறு காய்ந்து உதிர்ந்து கிடந்தது, அதோடு முற்றின கீரைத்தண்டும் வெடித்த தக்காளியும். நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன்.

"நல்லதையெல்லாம் அங்க அனுப்பிட்டு, ஏன்டா மிச்சம்னு சொன்னே?"

எழுந்து நின்றான். கையில் சோற்றுப் பருக்கை.

"புதுசா சமைச்சுக் கொடுத்தா, எதுக்குக் கொடுக்கறேன்னு கேப்பாங்க ஐயா. மிச்சம்னா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க."

"இப்ப நான் கேக்கறேன். என்ன காரணம்?"

என் முதுகுக்குப் பின்னால் சொட்டுச் சத்தம். நான் சண்டை போட்டுவிடுவேனோ என்று குடையோடு ஏறி வந்த பாப்பா, வாசற்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அது யாரு தட்டு?" என்றாள்.

"என்னோடது."

"அந்தக் கிண்ணம்?"

"உங்களோடது." குரல் இறங்கிவிட்டது. "எப்பவும் முதல்ல உங்களுக்கு எடுத்து வெச்சிடுவேன். அப்புறம்தான் என் தட்டு."

என் சட்டத்தை இவனுக்கு யார் சொன்னது... நான் சொல்லவில்லை. பாப்பாவும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. மழைத் தண்ணீர் என்று அவள் சொல்லிக்கொள்ளட்டும்.

கட்டிக்கொடுத்த வீட்டுக் கதையை அவளே சொன்னாள், சுருக்கமாக, தலையைத் தூக்கி. அவன் நின்ற இடத்திலேயே நின்று கேட்டான். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஒன்றைத்தான் நான் அவன் கணக்கில் நல்லதாக வைத்தேன்.

பிறகு சொன்னான். "நீங்க பாத்தியை மிதிச்ச அன்னையிலேர்ந்து எனக்குத் தனியா சாப்பிடப் பிடிக்கலீங்க. அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க முறைச்சீங்க."

பாப்பா சிரித்துவிட்டாள்... அழுதுகொண்டே. குடையை மூலையில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கிண்ணத்திலிருந்ததில் பாதியை அவன் தட்டில் போட்டாள். அவன் தடுப்பதற்குள் அந்தக் காய்ந்த சோற்றிலும் தண்டிலும் பாதியைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

"அது நேத்தையது," என்றான் பதறிப்போய்.

"தெரியும். நானா எடுத்துக்கறேன்." ஒரு வாய் மென்றாள். "எனக்கும்தான் தனியா சாப்பிடப் பிடிக்கல. ஆனா இன்னொரு தடவை பொய் சொன்னீங்க, மறுபடியும் பாத்தியில இறங்கிடுவேன்."

எனக்கும் ஒரு கரண்டி நீட்டினான். நின்றபடியே தின்று பார்த்தேன். பூண்டு அதிகம், உப்பு கம்மி. அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். நாளைக்குச் சரிபண்ணிவிடுகிறேன் ஐயா என்றான். இப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள்.

கூச்சத்தில் ஒரு பொய் சொன்னவன், வேறு எதற்காவது இன்னொன்று சொல்ல மாட்டான் என்று என்ன நிச்சயம்? கீரை நல்ல கீரைதான். ஆளைத் தெரிந்துகொள்ள ஒரு கிண்ணம் சோறு போதாது. இதையெல்லாம் அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் காதிலும் ஏறின மாதிரி தெரியவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கிவிட்டேன். கொல்லையில் அவள் மிதித்த இடத்தில் கீரை மறுபடி தளிர்த்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.