கொய்யா மரத்தடியில் மஞ்சள் புல்

அம்மா கடித்து வைத்த ரொட்டியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“அம்மா, ரத்தம்!” என்று கத்தினாள் தனுஜா.

“சம்பலுடி, சம்பல்,” என்றாள் அம்மா பெரியாயி, வாயைப் பொத்திக்கொண்டு.

அன்றைக்கு வீட்டில் மிளகாய்ச் சம்பலே அரைக்கவில்லை. அது தனுஜாவுக்குத் தெரியாதா என்ன?

அன்றிலிருந்து அவளுக்கு மனசே சரியில்லை. அம்மாவின் பல்லெல்லாம் கொட்டிப்போனால் என்ன செய்வது? அழுது, அடம்பிடித்து, ஒருவழியாக அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கிருந்த பல் டாக்டர் நிசாந்தினி யாழ்ப்பாணத்துக்காரர். அம்மாவின் ஈறுகளைச் சுத்தம் செய்துவிட்டுச் சொன்னார். ஈறு என்பது அவர் பேச்சில் முரசு.

“முரசு நல்லா வீங்கிக் கிடக்கு. வெத்திலை, புகையிலை ரெண்டையும் விடுங்கோ. ஒழுங்காப் பல்லுத் தீட்டுங்கோ. சாப்பிட்ட பிறகு கொய்யா இலை அவிச்ச தண்ணியில கொப்பளிக்கலாம். விழுங்கக் கூடாது.” பிறகு தனுஜாவின் பக்கம் திரும்பினார். “ஆனா பிள்ளை, இலை ஒரு துணைதான். அதை நம்பி இஞ்ச வராமல் விடக் கூடாது. அடுத்த மாதம் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவேணும்.”

“இனிமே புகையிலைய தொடவே மாட்டேங்க,” என்றாள் அம்மா, தலையைத் தலையை ஆட்டி.

சனிக்கிழமை காலை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம் முழுவதும் ஒரே பனிமூட்டம். அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரம். தனுஜா ஓடிப்போய், தேயிலை மலையோரம் நின்ற கொய்யா மரத்தில் கைநிறைய இலை பறித்து வந்தாள். அவித்து, வடிகட்டி, ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தாள்.

“பகலு சாப்பிட்டதும் கொப்பளிம்மா. மறந்துறாத.”

“சரிங்க, டாக்டரம்மா!” என்று சிரித்துக்கொண்டே அம்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள்.

பனி விலகிய பிறகு, சாயங்காலத்துக்கும் இலை பறிக்கலாமென்று தனுஜா மறுபடி போனாள். மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

புல்லெல்லாம் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. காலையில் பனியில் அவள் அதைக் கவனிக்கவேயில்லை.

முதுகில் மருந்து டாங்கியோடு வீரய்யா மாமா அந்த வழியாக வந்தார். தோட்டத்தில் புல்லை அழிக்க மருந்து அடிப்பவர் அவர்தான்.

“மாமா, இங்க மருந்து அடிச்சீங்களா?”

“ஆமா, நேத்து. காத்து வேற. மரத்துலயும் பட்டிருக்கும். அத தொட்டுறாத, வெசம்!”

அந்த நேரம் பார்த்துப் பகல் சங்கு ஊதியது. அம்மா சாப்பிடும் நேரம்!

தனுஜா மலையை நோக்கி ஓடினாள். காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. ‘ஐயோ, நானே என் அம்மாவுக்கு விஷத்தைக் கொடுத்துட்டேனே’ என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

“ஏய் புள்ள! தேயிலை நிரைக்குள்ள ஓடாத!” என்று கங்காணி சத்தம் போட்டார். யார் காதில் விழுந்தது?

பின்னாலிருந்து பார்த்தால் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, கடைசியில் அம்மாவைக் கண்டுபிடித்தாள். அம்மா மடியில் போத்தல் கிடந்தது. அது காலி.

“அம்மா! கொப்பளிச்சிட்டியா?” தனுஜா ஓவென்று அழுதுவிட்டாள்.

அம்மா திருதிருவென்று விழித்தாள். “கோவிச்சுக்காதடி. மோந்து பாத்தேன், ஒரு மாதிரியா இருந்துச்சு. தேயிலைத் தூருல ஊத்திட்டேன்.”

“வாயில வைக்கவே இல்லையா?”

“சத்தியமா இல்ல.”

தனுஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேம்பித் தேம்பி நடந்ததையெல்லாம் சொன்னாள். அம்மா உடனே அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், இருவர் கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அப்போதுதான் தனுஜா அம்மாவின் கன்னத்தைக் கவனித்தாள். ஒரு பக்கம் புடைத்திருந்தது.

“வாயில என்னாம்மா?”

அம்மா திரும்பி நின்று, வெற்றிலையையும் புகையிலையையும் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். இடுப்பில் செருகியிருந்த சின்ன வெற்றிலைப் பையை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

“நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத.”

சாயங்காலம் தனுஜா முதலில் வீரய்யா மாமாவிடம் போய் விசாரித்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் பின்னால் ஒரு கொய்யா மரம் உண்டு. குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் அந்தப் பக்கம் மருந்தே அடிப்பதில்லையாம். அடிப் புல்லைக் குனிந்து பார்த்தாள். பச்சைப்பசேல் என்று இருந்தது. பிறகுதான் இலையில் கை வைத்தாள். காலையில் இலை அவித்த சட்டியையும் சாம்பல் போட்டுப் பலமுறை கழுவியிருந்தாள்.

அம்மா மூஞ்சியை அஷ்டகோணலாக்கிக்கொண்டு கொப்பளித்தாள். தினமும் கொப்பளித்தாள். தனுஜாதான் பக்கத்திலேயே காவல் நின்றாளே!

அடுத்த மாதம் மறுபடியும் பதுளைக்குப் போனார்கள். டாக்டர் சுத்தம் செய்துவிட்டு, “முரசு இறுகி வருது. இனியும் விடாமல் கவனியுங்கோ,” என்றார்.

சில நாள் கழித்து, பிள்ளைக் காம்பரா மரத்தில் ஒரு கொய்யாப்பழம் பழுத்தது. அம்மா அதை நறுக்கென்று கடித்தாள்.

“காட்டு!” தனுஜா வெடுக்கென்று பிடுங்கி, கடித்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

“பாத்துட்டியில்ல, குடுடி.”

“இரும்மா, இன்னும் நல்லா பாக்கணும்,” என்ற தனுஜா, மறுபக்கத்தில் பெரிதாக ஒரு கடி கடித்தாள்.