வெப்பவிழுங்கி

ஞாயிறு மாலைகளில் கோவையில் யாரும் காரை உடனே நிறுத்துவதில்லை. வீட்டு வாசல்வரை வந்தவர்கள் கேட்டுக்குள் நுழையாமல் தெருவையே சுற்றிக்கொண்டிருப்பார்கள். டீக்கடைக்காரர்கள் கூடவே ஓடி ஜன்னல் வழியாக டீ கொடுக்கப் பழகிவிட்டார்கள்.

எல்லாம் வெப்பவிழுங்கி வந்த பிறகுதான். பந்தயத் தடத்தில் விடுமுறை நாட்களில் சொந்தக் காரை விரட்டிப் பார்க்கிறவர்களுக்கு முன்பெல்லாம் பிரேக் ஒரு பெரிய தலைவலி. நாலு சுற்று மிதித்தால் தட்டு சிவக்கும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் தரைவரை இறங்கும். பம்பரில் ஓட்டை போட்டுக் காற்றை உள்ளே விட்டார்கள். கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவைத்தார்கள். அந்தத் தணிசுற்றுக்குத்தான் ஒருவருக்கும் பொறுமையில்லை.

வெப்பவிழுங்கி என்ற வளையம் சக்கரத்துக்குள் உட்கார்ந்து சூட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டது. சக்கரம் சுற்றும்வரை சூடு உள்ளேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதற்குள் சக்கரம் நின்றால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் கக்கிவிடும். எனவே சூட்டுமானி பச்சைக்கு வரும்வரை நிற்காமல் சுற்றுங்கள் என்றது நிறுவனம். சரி என்றார்கள் மக்கள். ஊரிலுள்ள வண்டிகளிலெல்லாம் அது ஏறியது. சிக்னல்களைப் பிடுங்கிவிட்டு ரவுண்டானா கட்டினார்கள்.

மகிழன் அன்று தடத்தில் இதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது மனைவி அழைத்தாள்.

"என்னங்க, பனிக்குடம் உடைஞ்சிருச்சுங்க," என்றாள் ஹர்ஷினி.

"அடுத்த வாரம்னு தானே சொன்னாங்க? ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டியா கண்ணு?"

"வந்துருச்சுங்க. நிக்கத்தான் மாட்டேங்குது."

அவன் தடத்திலிருந்து அப்படியே வீட்டுக்கு விரட்டினான். ஒவ்வொரு வளைவிலும் மிதித்த மிதியில் சூட்டுமானியின் முள் சிவப்பை விட்டு இறங்கவேயில்லை.

தெருவில் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "காலையில இருந்து மிதிச்சுட்டே இருக்கறனுங்க. இப்ப நிறுத்துனா சிலிண்டரோட வெடிச்சுரும்." பின்கதவில் நின்ற உதவியாளர் கையை நீட்டினார். ஹர்ஷினி அதைப் பிடித்து இரண்டடி நடந்தாள், வலி வந்ததும் விட்டுவிட்டு கேட்டைப் பற்றிக்கொண்டாள்.

மகிழனும் அவளைக் கடந்து போனான். அந்த வண்டி அவனுக்குப் பெண்டாட்டிக்கு அடுத்தபடி. சில ஞாயிறுகளில் அதற்கும் முந்தி. முதல் சுற்றில் அவள் அவனைப் பார்த்தாள். அடுத்த சுற்றில் பார்க்கவில்லை. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தெருக்கோடியில் இருந்த காலி மனைக்குள் வண்டியைத் திருப்பி, பிரேக்கை அழுத்தி மிதித்தான். கதவைத் திறந்து குதித்து ஓடினான். பின்னால் டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், ஒரு தடவை பார்த்துவிட்டான்.

"நடந்துருவியா?" என்றான் மூச்சு வாங்க.

"ஆஸ்பத்திரி அடுத்த வீதிதானுங்களே. மெதுவாப் போலாம். கையை மட்டும் விட்ராதீங்க."

ஆம்புலன்ஸ் சைரனை அலறவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த கார்களை விலக்கியபடி முன்னால் ஊர்ந்தது. இருவரும் அதன் பின்னால் நடந்தே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனதும் மகிழன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். எப்படியோ நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தான்.

நர்ஸ் வெளியே ஓடி வந்தாள். அவள் முகம் சரியில்லை.

"கொழந்தை குறுக்கால கெடக்குதுங்க. உடனே ஆபரேசன் பண்ணணும்."

"பண்ணுங்க. டாக்டரம்மா இன்னும் வரலீங்களா?"

"அப்பவே வந்துட்டாங்க." நர்ஸ் ஜன்னலுக்குக் கீழே கையைக் காட்டினாள். "அந்த நீலக் கார்தானுங்க. இன்னும் அரை மணி நேரமாவது சுத்தணுங்கறாங்க."

உள்ளே ஹர்ஷினி அவன் பெயரைச் சொல்லி அலறினாள். மகிழன் படிகளில் இறங்கி ஓடினான். நீலக் கார் ஒரே சீராக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.